உயிரிழப்பின்றி ஆயிரம் நாட்கள்

எங்கள் அலுவலக வாசலில் ஒரு நீலப் பலகை உண்டு. மேலே 'இந்தக் கடல் பகுதியில் உயிரிழப்பின்றி' என்றும் கீழே 'நாட்கள்' என்றும் எழுதியிருக்கும். நடுவில் ஆணிகள். தினமும் காலை எட்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, அன்றைய எண்ணைத் தகடு தகடாக அந்த ஆணிகளில் மாட்டுவது என் வேலை. நியமன உத்தரவில் என் வேலை தொலைபேசி எடுப்பது என்றுதான் போட்டிருக்கிறது. கடலில் ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவனுக்கு நேரம் மிச்சப்படும் என்று தலைமை அதிகாரி கணக்குப் போட்டு இதையும் என் தலையில் கட்டிவிட்டார்.

சுற்றிலும் எல்லாக் கடலிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது எங்கள் கடலில் மட்டும் எப்படி ஒருத்தரும் சாகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். தலைமை அதிகாரி பொறுமையானவர். உட்காரச் சொல்லி விளக்கினார்.

"ஆபத்துன்னா என்னன்னு நினைக்கிறே?"

"தண்ணியில முங்கிப்போறதுங்க."

"அது வீட்ல பேசற ஆபத்து. நம்ம ஆபீஸ்ல ஆபத்துன்னா, ஆபத்துப் பதிவேட்ல ஏறினது. படிவம் ஆறை நிரப்பி, நான் கையெழுத்துப் போட்டு, பதிவேட்ல ஏத்தினா அது ஆபத்து. ஏறினவங்கள்ல யாராவது செத்தா அது உயிரிழப்பு. ஏறாதவன் செத்தா அவன் நம்ம கணக்குல பொறக்கவே இல்லையே, அப்புறம் எப்படிச் சாவான்?"

"படகு முங்கிட்டாலுமா?"

"முங்கினப்புறம் படகு எங்க இருக்கு? இல்லாத படகுக்கு எந்தப் படிவத்தை நிரப்பறது?"

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் மாதச் சம்பளம் கிடைக்கும் இடத்தில் தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நின்றேன். மூன்று வருடம் நின்றேன்.

ஆயிரமாவது நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. பலகையில் மூன்று ஆணிகள்தான் இருந்தன. தச்சர் வந்து நான்காவது ஆணி அடித்துவிட்டுப் போனார். தலைநகரத்திலிருந்து அமைச்சர் வருகிறார் என்பதால் மேடை வேண்டும். மீட்புப் படகையே மேடையாக்கினால் பொருத்தமாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மீட்புப் படகு. அதைக் கரைக்கு இழுத்து, அலுவலக முற்றத்தில் வைத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஏற இறங்கப் படிக்கட்டு பொருத்தினார்கள். அமைச்சர் பேசும்போது ஆடக்கூடாதே என்று எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடியில் சிமென்ட் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். விருந்தினர்களுக்கு இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் மெத்தைக்குப் பதிலாக எங்கள் கிடங்கில் இருந்த ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடுப்புகளைக் கட்டினார்கள். உட்கார்ந்து பார்த்த எல்லோரும் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்றார்கள்.

அன்று காலை ஒன்றையும் மூன்று பூஜ்யங்களையும் மாட்டிவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடித்தது.

"கடல்ல ஆபத்துன்னா கூப்பிடற நம்பர்தானே இது?" ஒரு பெண் குரல். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் வந்தது. சாட்டிலைட் போன்.

"ஆமாங்க."

"அப்பாடா. மனுஷக் குரல் கேட்டுச்சே. அண்ணா, நாங்க முப்பத்தோரு பேர் ஒரு படகுல இருக்கோம். ஊரைவிட்டு வந்து நாலு நாளாச்சு. அடிப்பலகை விரிசல் விட்டுத் தண்ணி ஏறுது. மொண்டு மொண்டு ஊத்தறோம், அடங்கல."

படிவம் ஆறை எடுத்தேன். முப்பத்தெட்டுக் கேள்விகள். வரிசையாகக் கேட்டால்தான் செல்லும். படகு இருக்கும் இடம் கேட்டேன்; போன் திரையில் இருந்த எண்களைப் படித்துச் சொன்னாள். படகின் நிறம் கேட்டேன். முன்பு பச்சையாக இருந்திருக்கும் போல என்றாள். பயணத்தின் நோக்கம் கேட்டேன். பொழுதுபோக்கு, விளையாட்டு, வணிகம், இதர என்று நான்கு கட்டங்கள். நான்கையும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "எங்க ஊர்ல இருக்க முடியலண்ணா" என்றாள். 'இதர' கட்டத்தில் குறி போட்டேன். ஆண், பெண், குழந்தை எத்தனை என்று பிரித்துக் கேட்டேன். பதினெட்டு, ஒன்பது, நாலு என்று எண்ணிச் சொன்னாள்.

"படகுக்குள்ள தண்ணி எவ்வளவு உயரம்? சென்டிமீட்டர்ல சொல்லணும்மா."

"இருங்க. நான் தையல்காரிதான், டேப்பு கழுத்துலயே கிடக்கு." சற்று நேரம் தண்ணீர் சலசலக்கும் சத்தம். "பதினொண்ணு."

பதினான்காவது கேள்வி: படகு எஞ்சின் விசையில் நகர்கிறதா?

"இருமி இருமி ஓடுதுண்ணா. மெதுவா போயிட்டிருக்கோம்."

என் பேனா நின்றுவிட்டது. 'நகர்கிறது' என்று குறி போட்டால் அதற்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்: பயணம், பதிவு தேவையில்லை. இருபத்துநான்கு கேள்விகள் மிச்சம் இருக்கும்போதே படிவம் செத்துப்போகும்.

அப்போதுதான் எனக்கு ஒரு புத்திசாலித்தனம் வந்தது. என் வாழ்க்கையில் எனக்குப் புத்திசாலித்தனம் வந்தது மொத்தம் மூன்று தடவை. மூன்றுமே வராமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க. படகு நின்னாத்தான் நான் ஆபத்துன்னு எழுத முடியும்."

அவள் யாரிடமோ பேசினாள். "நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமான்னு தெரியலைன்னு ஓட்டறவர் சொல்றாரு."

"மறுபடி எதுக்கும்மா ஸ்டார்ட் பண்ணணும்? அதான் நாங்க வரப்போறோமே."

"வர்றாங்களாம்," என்று அவள் மற்றவர்களிடம் சொன்னது கேட்டது. பின்னால் கைதட்டினார்கள். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது கூசுகிறது, ஆனால் இருந்தது.

மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்து, படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைமை அதிகாரி கண்ணாடி முன் நின்று வரவேற்புரை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கிப் படித்தவர் முகம் சுருங்கியது.

"இன்னைக்கா?"

"இப்பத்தான் கூப்பிட்டாங்க சார்."

"முப்பத்தோரு பேர். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வழுக்கி விழுந்தாலும் நாளைக்குக் காலையில நீ பலகையில என்ன மாட்டுவே? பூஜ்யம். மூணு வருஷ உழைப்பு." படிவத்தை மடித்தார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லு. முதல் பதிவா அவங்களைத்தான் போடறேன். வேற யாரையும் முன்னால விடமாட்டேன். இது என் வாக்கு."

"படகுல தண்ணி ஏறுது சார். எஞ்சின் வேற நின்னுபோச்சு."

யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மனமிரங்கி வரைபட அதிகாரியைக் கூப்பிட்டார். "முதல்ல அது நம்ம கடல்தானான்னு பார்ப்போம்," என்றார்.

வரைபட அதிகாரி மெல்லிய குரலும் கனமான கண்ணாடியும் உள்ளவர். சுவர் முழுக்கத் தொங்கும் வரைபடத்தில், எங்கள் கடலையும் பக்கத்து நாட்டுக் கடலையும் பிரிக்கும் கறுப்புக் கோடு ஒன்று உண்டு. தையல்காரி சொன்ன இடத்தில் ஊசி குத்தினார். ஊசி கோட்டின் மேலேயே நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்போதும் கோட்டுக்குள்ளேதான் இருந்தது.

"கோடு மூணு மில்லிமீட்டர் தடிமன். கடல்ல அது ஒண்ணரை மைல். படகு கோட்டுக்குள்ள இருக்கு," என்றார்.

"கோட்டுக்குள்ள இருந்தா யாரோடது சார்?" என்று கேட்டேன்.

"கோடு யாரோடதும் இல்லப்பா. அது ரெண்டு பேரையும் பிரிக்கறது. அதைப் போய் ஒருத்தர் சொந்தம் கொண்டாடினா பிரிவினை ஆகிடாதா?"

பக்கத்து நாட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி மரியாதை தெரிந்தவர். முதலில் ஆயிரம் நாளுக்கு வாழ்த்துச் சொன்னார். அவர்கள் ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் இருந்தார்கள். பிறகு தன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயும் படகு கோட்டுக்குள்தான் இருக்கிறது என்றார். "எங்க கோடு உங்களதைவிடத் தடிமன்," என்று கொஞ்சம் சங்கடத்தோடு சேர்த்துக்கொண்டார். காற்று படகை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்து அலுவலகம் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அன்று காற்றே இல்லை. விழாவுக்கு ஏற்ற நாள் என்று காலையிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மேசைக்குத் திரும்பினேன். பத்தேமுக்காலுக்குத் தையல்காரி கூப்பிட்டாள். தண்ணீர் பத்தொன்பது சென்டிமீட்டர். நான் கேட்காமலே அளந்து சொன்னாள்.

"நடவடிக்கையில இருக்கும்மா," என்றேன்.

"சரிண்ணா. அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு, அதான்."

பதினொன்றரைக்கு விழா தொடங்கியது. என் மேசை ஜன்னல் ஓரம் என்பதால் எல்லாம் தெரிந்தது. அமைச்சர் படிக்கட்டில் ஏறி மீட்புப் படகில் நின்று பேசினார்.

"இந்தப் படகைப் பாருங்க. எவ்வளவு அழகா, ஒரு அடிகூட நகராம நிக்குது. ஒரு மீட்புப் படகு கடலுக்குப் போகுதுன்னா எங்கயோ யாரோ தோத்துட்டாங்கன்னு அர்த்தம். நம்ம படகு மூணு வருஷத்துல எத்தனை தடவை கடலுக்குப் போச்சு? ஒரு தடவைகூட இல்ல. இதைவிடப் பெரிய வெற்றி உலகத்துல யாருக்குக் கிடைக்கும்?"

இருநூறு பேரும் உயிர்காப்பு உடுப்புகளில் சாய்ந்துகொண்டு கைதட்டினார்கள். கடலில் இருக்கும் முப்பத்தோரு பேரைக் காலையில் இவர்களைவிடப் பலமாகத் தட்ட வைத்தவன் நான்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. ஒரு மீன்பிடிப் படகுக்காரர். வழக்கமாக எங்களிடம் வானிலை கேட்பவர், குரல் பழக்கம்.

"ஆபீஸா? கோட்டுப் பக்கமா வலை போட்டிருக்கேன். மேற்கால ரெண்டு மைல் தள்ளி ஒரு படகு அசையாம நிக்கற மாதிரி தெரியுது. மேல ஏதோ ஆடுது, சட்டையா கொடியான்னு புரியல. போன தடவை நானாப் போய்ப் பார்த்ததுக்கு, அனுமதியில்லாம உதவி பண்ணினேன்னு லைசென்ஸை மூணு மாசம் புடுங்கி வெச்சீங்க. அதான் கேட்கறேன். அங்க யாராவது ஆபத்துல இருக்காங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்பது மூன்றே எழுத்து.

தலைமை அதிகாரி அப்போது குடிக்கத் தண்ணீர் தேடி உள்ளே வந்திருந்தார். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டார். என்னை மிரட்டவில்லை, அதட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இதைப் பார்த்து பதில் சொல்லு. இதுக்குத்தானே பதிவேடு வெச்சிருக்கோம்."

பக்கம் வெள்ளையாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். வயர்லெஸ் பொத்தானை அழுத்தினேன்.

"பதிவுல எதுவும் இல்லைங்க," என்றேன்.

"எதுவும் இல்லையா?"

"இல்லைங்க."

"சரி, சும்மா நிக்கறாங்க போலிருக்கு," என்று மீன்பிடிப் படகுக்காரர் வைத்துவிட்டார். தலைமை அதிகாரி என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, கேக் வெட்டப்போகிறார்கள், வந்து ஒரு துண்டு எடுத்துக்கொள் என்றார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி தையல்காரி. குரல் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது.

"முப்பத்திநாலுண்ணா. குழந்தைங்களைத் தோள் மேல ஏத்திட்டோம். இப்ப ஒரு மீன் படகு தெரிஞ்சுது. எல்லாரும் சட்டையைக் கழட்டி ஆட்டினோம். கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் திரும்பிப் போயிடுச்சு. அது நீங்க அனுப்பினதா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க வேறயா வர்றீங்க."

"ஆமாம்மா."

"சரிண்ணா. நான் சொல்லிடறேன் இவங்க..." என்பதோடு நின்றுபோனது. நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். வெளியே கேக் வெட்டிய கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஆமாம் என்ற அதே வார்த்தை இவளிடம் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மீன்பிடிப் படகுக்காரர் துறைமுகத்துக்கு வந்தார். வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தார். வலை இருந்த இடத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். விழா முடிந்து அமைச்சர் கிளம்பாமல் இருந்ததால் எங்கள் அலுவலகமே அங்கே திரண்டுவிட்டது. நாற்காலிகளிலிருந்து உயிர்காப்பு உடுப்புகளை அவிழ்த்துக் கொண்டுவந்து, கரையேறியவர்களுக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்கள். புகைப்படத்தில் நன்றாக விழுந்தது.

தலைமை அதிகாரி எண்ணினார். இருபத்துமூன்று.

"முப்பத்தோரு பேர் சார்," என்று அவர் காதோரம் சொன்னேன். "காலையில அந்தம்மா எண்ணிச் சொன்னாங்க."

"பதிவுல இருக்கா?"

"இல்ல."

"அப்ப முப்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு? வந்தது இருபத்துமூணு. இருபத்துமூணு பேரும் உயிரோட இருக்காங்க. நூத்துக்கு நூறு." பிறகு அமைச்சரிடம் போய் அதையே கொஞ்சம் அலங்கரித்துச் சொன்னார்.

மீன்பிடிப் படகுக்காரர் கயிறு கட்டிவிட்டு என்னிடம் வந்தார். வரைபட அதிகாரி அவர் கையில் அதற்குள் ஒரு நோட்டீஸைக் கொடுத்திருந்தார்: பதிவில் இல்லாத ஆபத்தில் அனுமதியின்றித் தலையிட்டது. அவர் அதைப் படிக்கவில்லை, ஈரக்கையில் கசக்கிப் பிடித்திருந்தார்.

"மத்தியானம் உங்ககிட்டத்தானே கேட்டேன்?"

நான் தலையாட்டினேன்.

"மனசு கேட்காம நாலு மணிக்குத் திரும்பிப் போனேன். போறதுக்கு அரை மணி முன்னால கவுந்திருக்கு. கவுந்த படகுல எஞ்சினைப் பார்த்தேன். நல்ல எஞ்சின்தான் சார், கிழடு, ஆனா நல்லது. காலையில யாரோ சொன்னாங்கன்னு அதை நிறுத்திட்டாங்களாம்; நிறுத்தாம வந்திருந்தா மூணு மணிக்கெல்லாம் தானாவே கரை சேர்ந்திருப்பாங்க. எந்த மடையன் நிறுத்தச் சொன்னானோ தெரியல."

நான் அதற்கும் தலையாட்டினேன். மடையன் என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர அன்று முழுக்க யாரும் என்னைப் பற்றி உண்மை பேசவில்லை.

போர்வை கொடுக்கும் வரிசையில் என்னை நிறுத்தினார்கள். குனிந்த தலை நிமிராமல் கொடுத்துக்கொண்டே போனேன். ஒரு கை போர்வையை வாங்காமல் நின்றது. மணிக்கட்டில் மஞ்சள் டேப்பு சுற்றியிருந்தது. நனைந்து, எண்கள் அழிந்துபோன தையல் டேப்பு. நிமிர்ந்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். என் தங்கை வயதுதான் இருக்கும். உப்புத் தண்ணீரில் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீங்க அந்த ஆபீஸா?" என்றாள். என் சட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ம்."

"அங்க போன் எடுக்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரே, அவர் வந்திருக்காரா?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். நூறு பேர் இருந்தார்கள்.

"இல்ல," என்றேன். வாய்க்குள்ளேயே சொன்னதால் என் குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

"எங்ககிட்ட பேசினது அவர் ஒருத்தர்தான். வர்றேன்னு சொன்னாரு. வரல. பொய் சொல்ற ஆள் மாதிரி இல்லியே, அப்ப வழியில அவருக்குத்தான் ஏதோ ஆயிருக்கணும்னு கடைசி வரைக்கும் எங்க ஆளுங்க பேசிட்டிருந்தாங்க. தண்ணியில விழுந்தப்புறம்கூட, எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா, அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆயிருக்கக்கூடாதுன்னாரு. தாத்தா வரல." அவள் போர்வையை வாங்கிக்கொண்டாள். "அவர் நல்லா இருக்காராண்ணா?"

ஒப்புக்கொள்ள அதைவிட நல்ல நேரம் எனக்கு அமைந்திருக்காது. அவள் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், சும்மா பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் இப்போது இருப்பதைவிட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நல்லா இருக்காரு," என்றேன். "லீவுல போயிருக்காரு."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். வரிசையில் அடுத்த கை நீண்டது.

வீட்டுக்குப் போனபோது என் பையில் கேக் துண்டு இருந்தது. யாரோ திணித்திருந்தார்கள். மகள் அதைத் தின்றாள். மனைவி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எஞ்சின் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, போன் எடுக்கறதுதானே உங்க வேலை," என்று ஆறுதல் சொன்னாள். முழுவதையும் சொல்லாமல் வாங்கிய அந்த ஆறுதலோடு போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பலகை முன் நாற்காலியைப் போட்டேன். கையில் 'ஒன்று' தகடு. ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. ஏறி, கடைசிப் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒன்றை மாட்டினேன். இறங்கும்போது தலைமை அதிகாரி காரிலிருந்து இறங்கி வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"கடைசி நம்பர் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு பாரு," என்றார்.

மறுபடி நாற்காலியில் ஏறி நேராக்கினேன்.